உரியாத பூச்சு

எங்கள் கம்பெனியின் பூச்சுக் கூடத்துக்குள் இப்போது ஆள் போவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளே ரோபோவின் கை பிளாஸ்மா துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு தானே வேலையை முடித்துவிடுகிறது. கையால் துப்பாக்கி பிடித்துப் பீங்கான் பூச்சு அடித்தவர்களில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று பேர், அதில் முதலில் உள்ளே போன பெண் நீங்கள்தான் என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர்கள் என்னை எழுதச் சொன்னார்கள். ரோபோ வந்ததில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. கோடை மத்தியானத்தில் அந்தத் தோல் உடுப்புக்குள் நின்று வெந்தவளுக்குத்தான் ரோபோவின் அருமை தெரியும். நாங்கள் ஜெயித்த கதை ஒன்று இருக்கிறது. அது எழுதிவைக்கப்பட வேண்டும் என்பதால்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மின்சாரம் தயாரிக்கும் கேஸ் டர்பைனுக்குள் எரிகிற நெருப்பின் சூட்டில், அந்த எஞ்சினைச் செய்த உலோகமே உருகிவிட வேண்டும். ஆனால் உருகுவதில்லை. நெருப்பு எரிகிற உருளைக்கு லைனர் என்று பெயர். அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றின் வழியே காற்று புகுந்து சுவரைக் குளிர்விக்கும். அதோடு உள்பக்கச் சுவரில், கெட்டியான தபால் அட்டை கனத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சு இருக்கும். நெருப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்பது அந்தத் தோல்தான். பீங்கான் நேராக உலோகத்தில் நிற்காது என்பதால், பெயிண்டுக்கு முன்னால் பிரைமர் அடிப்பதுபோல, முதலில் நிக்கல் கலந்த உலோக அடிப்பூச்சு ஒன்று அடிப்போம். அதன்மேல் பீங்கான். இரண்டையுமே பொடியாகத் துப்பாக்கிக்குள் விட்டு, பிளாஸ்மா சுடரில் உருக்கி, சுவரில் போய் அறையும்படி அடிப்பதுதான் வேலை.

நான் மதுக்கரைக்காரி. எங்கள் ஆட்கள் தலைமுறையாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றினார். சர்ச் பள்ளிக்கூடம், பிறகு பாலிடெக்னிக்கில் உலோகவியல் டிப்ளமா. போத்தனூரைத் தாண்டி இருந்த இந்தக் கம்பெனியில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். பூச்சு அடித்த மாதிரித் துண்டுகளை வெட்டி, பிசினில் பதித்து, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. கொஞ்ச வருஷத்தில் ஒரு துண்டைப் பார்த்தாலே அன்று துப்பாக்கி எப்படி எரிந்தது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் துப்பாக்கி எரிவதை நான் பார்த்தது கறுப்புக் கண்ணாடி வழியாக மட்டும்தான்.

எங்கள் மேனேஜர் வேலுச்சாமி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சினியரிங் படித்தவர், கோபிப் பக்கம் சொந்த ஊர். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. கடைநிலைப் பையனையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு துண்டு கெட்டுப்போனால் ‘யாரு செஞ்சது?’ என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. ‘எந்த எடத்துலீங்க?’ என்றுதான் கேட்பார். சத்தம் போட மாட்டார். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘ங்க’ கூடிக்கொண்டே போகும். “இந்தத் துண்டைக் கொஞ்சம் நீங்க பாத்தீங்களாங்க?” என்று கேட்டுவிட்டார் என்றால், அன்றைக்கு யாரும் தப்ப முடியாது.

அவரிடம் போய் ஒருநாள், பூச்சில் வருகிற ஓட்டைகள் ஏன் வருகின்றன என்பது உள்ளே நின்றால்தான் எனக்குப் புரியும் என்றேன். பூச்சுக் கூடத்துக்குள் பெண்கள் போனதில்லை. சத்தம் காதைப் பிளக்கும், வெளிச்சம் வெல்டிங்கைவிட மோசம், சூடு சொல்லி முடியாது. சூப்பர்வைசர்கள் இந்தக் காரணங்களை எல்லாம் அடுக்கினார்கள். சார் யாரோடும் வாதாடவில்லை. மூத்த ஆபரேட்டர் காதர் பாயைக் கூப்பிட்டு, கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருந்த அவருடைய மச்சானிடம் என் அளவுக்கு ஒரு உடுப்பு தைக்கச் சொல்லிவிட்டார். உடுப்பு வந்த பிறகு, ‘தெச்சது வீணாப் போகக் கூடாதுங்களே’ என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காதர் பாய் பெரிய உடம்புக்காரர், அதிகம் பேச மாட்டார். முதல் வாரம் என்னை மூலையில் நிற்கவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். பிறகு ஒருநாள் துப்பாக்கியை என் கையில் கொடுத்து, எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அதன் கனம் தோளில் இறங்கியதும், முன்னால் அந்த ஊதா வெள்ளைச் சுடர் நின்று உறுமியதும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர், இரும்பு வேலை தெரிந்தவர். ‘நாளைக்குத் தோள் வலிக்கும், தைலம் தேச்சுக்க’ என்றார். வலித்தது.

இனி கதைக்கு வருகிறேன். அதுவரை நாங்கள் பம்பு ஷாஃப்ட், டெக்ஸ்டைல் மிஷின் உருளை, எப்போதாவது ஒரு டர்பைன் பிளேடு என்று செய்துகொண்டிருந்தோம். மின்நிலைய டர்பைன்களைப் பழுதுபார்க்கும் ஒரு பெரிய நிறுவனம், அதுவரை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த லைனர்களை எங்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவுசெய்தது. முதல் செட் அடித்து அனுப்பினோம். வழக்கப்படி, லைனரோடு சேர்த்துப் பூச்சு அடித்த தட்டையான மாதிரித் துண்டுகளைச் சோதித்தார்கள். எல்லாம் தேறின. இரண்டாம் செட்டும் போயிற்று. இந்த முறை அவர்கள் மாதிரித் துண்டோடு நிற்காமல், உபயோகம் முடிந்த ஒரு பழைய லைனரையும் எங்களிடம் பூச்சு அடிக்க வைத்து, அதையே உலையில் வைத்துச் சூடேற்றி, காற்றடித்துக் குளிரவைத்து, திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பூச்சு திட்டுத் திட்டாக உரிந்துவிட்டது. இரண்டாம் செட் முழுவதும், உரிந்த அந்தப் பழைய லைனரும் திரும்பி வந்தன. செட்டை மறுபடி செய்து காட்ட ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் தவறினால் பழையபடி வெளிநாடுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

மீட்டிங்கில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். புதிதாக வந்த பொடி சரியில்லை என்றார் ஒருவர். காதர் பாய்க்கு வயதாகிவிட்டது, கை ஓட்டம் முன்போல இல்லை என்றார் இன்னொருவர். பாய் அந்த அறையில்தான் இருந்தார். மீட்டிங் முடிந்ததும் லேபுக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார்.

“எங்கையில தப்புன்னா சொல்லிப்போடும்மா. நானே எறங்கிக்கறேன்.”

“இன்னும் பாக்கலீங்க பாய். பாத்துப்போட்டுத்தான் சொல்லுவேன்.”

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண்ணை நம்பித்தான் அவர் வந்திருந்தார். பார்க்காமல் ஒன்றைச் சொன்னால் அந்த நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்?

உரிந்த இடத்தில் ஒரு துண்டை வெட்டி, தேய்த்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பீங்கான் நன்றாக இருந்தது. பீங்கானும் அடிப்பூச்சும் விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தன. அடிப்பூச்சுக்கும் கீழே, லைனரின் உலோகத்தை ஒட்டி, ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அங்கேதான் விட்டிருந்தது. இரண்டு பூச்சும் ஒன்றை ஒன்று பிடித்தபடியே ஒட்டுமொத்தமாகக் கழன்றிருக்கின்றன. எனவே பொடி சரிதான். பாயின் கையும் சரிதான். பூச்சு விழுவதற்கு முன்னாலேயே அந்த உலோகத்தின் மேல் ஏதோ படிந்திருக்கிறது.

ஆனால் எங்கிருந்து? லைனர் பூச்சுக்கு வரும் முன் நடப்பதை எல்லாம் வரிசையாக யோசித்தேன். கரைப்பானில் கழுவுகிறோம். அலுமினா மணலை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறோம். அதற்குப் பிறகு வெறும் கை படவே கூடாது. ஒரு விரல் ரேகை போதும், அந்த இடத்தில் பூச்சு நிற்காது. எல்லாரும் துணிக் கையுறையோடு குழந்தையைத் தூக்குவதுபோல்தான் லைனரைத் தூக்குவோம். அதில் குறை இல்லை. அப்படியே குறை இருந்தாலும் மாதிரித் துண்டும் உரிந்திருக்க வேண்டும். அதுவும் அதே தொட்டியில் கழுவி, அதே மணலில் அடித்தது. லைனருக்கு உண்டு, மாதிரித் துண்டுக்கு இல்லை, அது என்ன?

சாரும் நானும் உரிந்த லைனரை மேஜையில் கிடத்தி டார்ச் அடித்துப் பார்த்தோம். அவர்தான் முதலில் கண்டுகொண்டார். உரிந்த திட்டு ஒவ்வொன்றும் ஒரு துளையைச் சுற்றி ஆரம்பித்திருந்தது.

“ஏனுங்க அம்மணி, துளைக்கு நாம தனியா என்னங்க பண்றோம்?”

கேட்டவுடனே எனக்குப் பொறி தட்டியது. உள்பக்கம் பூச்சு அடிக்கும்போது துளைகள் அடைபடாமல் இருக்க, வெளியிலிருந்து கம்ப்ரஸர் காற்றை அவற்றின் வழியே ஊதிக்கொண்டே இருப்போம். தட்டையான மாதிரித் துண்டில் துளை கிடையாது. அதற்கு அந்தக் காற்று தேவைப்பட்டதே இல்லை. எங்கள் சோதனை சோதிக்க வேண்டியதைச் சோதிக்கவே இல்லை.

காற்றுக் குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தேன். காலையில் பிடித்தபோது ஒன்றும் இல்லை. மத்தியானம், ஃபேக்டரி முழுக்கக் காற்றை இழுக்கிற நேரத்தில், மறுபடி பிடித்தேன். காகிதம் லேசாக நனைந்தது. நனைந்தது காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளிகள் காயாமல் நின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது.

அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று ஊருக்குள் வீசுகிற காலம். கம்ப்ரஸர் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. வடிகட்டியின் கிண்ணத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சேர்ந்து நிரம்பி, கம்ப்ரஸரின் எண்ணெயையும் ஏந்திக்கொண்டு குழாய்க்குள் போயிருக்கிறது. மற்ற வேலைகளுக்கு அதனால் பாதகமில்லை. லைனரில் மட்டும், மணலடித்துப் பச்சைக் காயம் மாதிரி திறந்து கிடந்த உலோகத்தின் மேல், ஒவ்வொரு துளை வழியாகவும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயைத் தெளித்திருக்கிறோம்.

காகிதத்தைக் காதர் பாயிடம் காட்டினேன். வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் தன் சாப்பாட்டுத் தூக்கிலிருந்த சம்சாவை எல்லாருக்கும் பங்கு வைத்தார்.

காரணம் கிடைத்த சந்தோஷம் அடுத்த நாள் மீட்டிங்வரைகூட நிலைக்கவில்லை. முதல் செட் லைனர்களை என்ன செய்வது என்ற கேள்வியைச் சார்தான் எழுப்பினார். அவை சோதனையில் தேறி, வாடிக்கையாளரிடம் எஞ்சினில் பொருத்தத் தயாராக இருந்தன. தேறியது மாதிரித் துண்டுதான், லைனர் அல்ல. விற்பனை மேலாளர் மறுத்தார். முதல் செட் வெயில் காலத்தில் அடித்தது, அப்போது ஈரக்காற்றே இல்லை, நன்றாக இருப்பதையும் கெட்டது என்று நாமே போய்ச் சொன்னால் இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அறையில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். வேலுச்சாமி சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாருக்கும்னு நம்பறது வேறீங்க, தெரியறது வேறீங்க. எஞ்சினுக்குள்ள ஒரு சில்லு பேந்து பிளேடுல அடிச்சா மொத்தமும் போயிருமுங்க. அங்க நிக்கற ஆளுங்களுக்கு நாம என்னங்க பதில் சொல்றது?”

வழக்கத்தைவிட நிறைய ‘ங்க’ விழுந்ததை எல்லாரும் கவனித்தோம். எல்லார் முன்னாலும் அவரே ஃபோனை எடுத்து, லைனர்களை எஞ்சினில் பொருத்த வேண்டாம், திருப்பி அனுப்புங்கள், தவறு எங்களுடையது என்று சொன்னார்.

அவர்கள் தரப்பு ஆய்வாளர் சசிதரன், பாலக்காட்டுக்காரர், முதல் செட்டைக் கையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். வந்தவர் காபிகூடக் குடிக்கவில்லை. எஞ்சின் திறந்து கிடக்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். சார் அவரை லேபுக்கு அழைத்து வந்து, இவர்கள் சொல்வார்கள் என்று என்னைக் காட்டினார். கறுப்புக் கோட்டைக் காட்டினேன், காகிதத்தைக் காட்டினேன், மாதிரித் துண்டுக்குத் துளை இல்லாததைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் கூர்மையானவை. தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பிறகு முதல் செட்டில் ஒரு லைனரை எடுத்து, துளை ஓரத்தில் கத்தி முனையை வைத்து நெம்பினேன். மூன்று நான்கு துளைகளில் ஒன்றும் ஆகவில்லை. விற்பனை மேலாளர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த துளையில் பூச்சு நகம்போலப் பெயர்ந்து மேஜையில் விழுந்தது. ஈரம் இல்லாத வெயில் காலத்திலும் கொஞ்சம் எண்ணெய் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சசிதரன் அந்தச் சில்லைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அது பொருத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குரல் இறங்கிவிட்டது. “சரி. நான் இங்கேயே இருக்கிறேன். என் முன்னால் அடித்துக் காட்டுங்கள்” என்றார். பிறகு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

கம்ப்ரஸர் காற்றை லைனர் வேலையிலிருந்து விலக்கினோம். துளைகளில் ஊத நைட்ரஜன் சிலிண்டர்களை வரவழைத்தோம். அதில் ஈரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. முன்னெச்சரிக்கையாக மணலடிக்கிற இடத்துக்கும் தனி வடிகட்டி போட்டோம். இன்னொரு விஷயமும் இருந்தது. அதுவரை ஒரே ஆள் அடிப்பூச்சு அடித்துவிட்டு, உடுப்பைக் கழற்றி இளைப்பாறி, பிறகு பீங்கானுக்கு வருவார். அந்த இடைவெளியில் லைனர் ஆறிவிடும். சூடு ஆறாமல், இடைவெளியே விடாமல் அடித்தால் நல்லது என்று நான் சொன்னேன். ஓர் ஆளால் அவ்வளவு நேரம் உள்ளே தாங்க முடியாது. ‘அப்ப ரெண்டு பேரு போலாமுங்க’ என்றார் பாய். அடிப்பூச்சு அவர், பீங்கான் நான்.

எல்லாம் தயாரான நாள் காலையில், சசிதரன் முன்னால் அடித்துக் காட்ட, பழைய லைனர் ஒன்று சுழல்மேஜையில் ஏறியது. பின்புறம் நைட்ரஜன் சீறத் தொடங்கியது. பாய் முதலில் வெறும் சுடரால் தடவிச் சூடேற்றினார், பிறகு பொடியைத் திறந்தார். சுழலும் உருளைக்குள் அவர் கை ஒரே வேகத்தில் இறங்கி, ஒரே வேகத்தில் ஏறியது. கை ஓட்டம் போய்விட்டது என்று சொன்ன மனிதர் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு சீராக ஏறியது. பாய் தலையசைத்தார். நான் பீங்கான் பொடிக்கு மாற்றிவிட்டு முன்னால் போனேன். சுடர் எரிந்துகொண்டிருக்க, துப்பாக்கி அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அதன் பிறகு எனக்குச் சத்தமும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. சாம்பலின் மேல் வெள்ளை படர்வது மட்டும் தெரிந்தது.

சோதனைக்கு என்றே இன்னொரு பழைய லைனரின் இரண்டு துண்டுகளில் பூச்சு அடித்திருந்தோம். ஒன்றில் பழையபடி கம்ப்ரஸர் காற்று, மற்றதில் நைட்ரஜன். இரண்டிலும் துளைகள் உண்டு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம் என்பது சாரின் யோசனை. நன்றாக வந்ததை மட்டும் காட்டினால் அதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள், கெட்டதையும் காட்டினால்தான் காரணம் புரிந்தது என்று நம்புவார்கள் என்றார். செக்கச்செவேல் என்று பழுத்த துண்டுகளை உலையிலிருந்து இழுத்து, குளிர்காற்றில் நிறுத்தி, மறுபடி உலைக்குள் தள்ளினோம். நாள் முழுக்க இதேதான். பழைய காற்றுத் துண்டில் துளை ஓரங்கள் முதலில் உப்பின, பிறகு சட்டென்ற சத்தத்தோடு தெறித்தன. நைட்ரஜன் துண்டு அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. வாடிக்கையாளர் கேட்ட எல்லையைத் தாண்டியும் சசிதரன் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கே அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

கடைசியில் அவரே உலையை அணைக்கச் சொன்னார். துண்டு ஆறியதும் கத்தி முனையால் ஒவ்வொரு துளை ஓரமாக நெம்பிப் பார்த்தார். எழுந்து, முதலில் வேலுச்சாமி சாருக்குக் கை கொடுத்தார், பிறகு பாய்க்கு, பிறகு எனக்கு. இரண்டு செட்டையும் உரித்துவிட்டு இதே முறையில் அடியுங்கள், எஞ்சின் காத்திருக்கும் என்றார். விற்பனை மேலாளர் கேன்டீனுக்கு ஓடிப்போய் எல்லாருக்கும் ஜிலேபி சொன்னார். அவர்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அந்த ஜிலேபியோடு கரைந்தது.

அந்த இரண்டு செட்டுக்குப் பிறகு லைனர்கள் வந்துகொண்டே இருந்தன. பூச்சுக் கூடம் இரண்டாயிற்று, பிறகு நான்காயிற்று. வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த வேலை, வெளிநாட்டிலிருந்தே எங்களுக்கு வருகிற நிலை வந்தது. சார் ஓய்வுபெற்றபோது பூச்சுப் பிரிவின் பொறுப்பு என் கைக்கு வந்தது. உள்ளே துப்பாக்கி பிடிக்க ஐந்தாறு பெண்கள் வந்தார்கள்.

ஆனால் என் கணக்கில் நாங்கள் ஜெயித்த நாள் வேறு. அந்த முதல் லைனர்கள் எஞ்சினில் தங்கள் முழுக் காலமும் ஓடிவிட்டு, பரிசோதனைக்காக எங்களிடம் திரும்பி வந்த நாள் அது. அதுவரை எங்களிடம் திரும்பி வந்ததெல்லாம் கெட்டுப்போய் வந்தவைதான். பெட்டியைத் திறந்தோம். வெளிப்புறம் சூட்டில் கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. டார்ச்சை உள்ளே அடித்தோம். வெள்ளை கொஞ்சம் பழுப்பேறியிருந்தது. ஒரு துளை ஓரத்தில்கூட உரியவில்லை. சுரண்டி எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டுமா என்று ஃபோனில் கேட்டேன். அளவுகளை எல்லாம் கேட்டுக்கொண்ட சசிதரன், எதற்கு, துடைத்து அனுப்புங்கள், அப்படியே மாட்டிவிடுகிறோம் என்றார்.

காதர் பாய் அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, லைனருக்குள் தலையை விட்டு ஒவ்வொரு துளையாகப் பார்த்தார்.

“எல்லாம் உங்க வெள்ளைதான் தெரியுது. நா அடிச்சது எங்கீங்க போச்சு?” என்றார் உள்ளிருந்தபடியே.

“அது வெளிய தெரிஞ்சா நாம தோத்தோம்னு அர்த்தமுங்க பாய்.”

பாய் தலையை வெளியே எடுத்தார். அவ்வளவு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு இருவருமாக அந்த லைனரைத் துடைத்து, பெட்டியில் வைத்து, மறுபடி நெருப்புக்கு அனுப்பினோம்.